தொட்டிக்குள் கடல் வேங்கை

‘திமி’ என்பது ஒரு பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அத்திமிங்கிலத்தையே விழுங்குவது திமிங்கிலகிலம் என்று நம் பழைய அகராதிகள் பொருள் கூறுகின்றன. புலவர்தம் மிகைக் கற்பனை என்று இதனைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவோர் உண்டு. ஆனால் திமிங்கிலத்தை வேட்டையாடும் உயிர் ஒன்று உண்மையாகவே கடலில் வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்தையே அது கூட்டமாகச் சேர்ந்து கொன்றதை ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கடலில் ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்துள்ளனர். கொலைத் திமிங்கிலம் என்று நாம் வழங்கும் அவ்வுயிரின் அறிவியற் பெயர் ஒர்சினஸ் ஒர்க்கா. பெயரில் திமிங்கிலம் இருப்பினும் அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் யாவற்றினும் பெரியது. வளர்ந்த ஆண் 20 முதல் 26 அடி நீளம் இருக்கும். எடை ஆறு டன் அளவுக்கு வரும். அதன் முதுகுத் துடுப்பு மட்டுமே ஓர் ஆள் உயரம்.

குளிர்கடலில் மிகுதியாக வாழும் இவ்வுயிரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று கேட்கலாம். (இலங்கையை அடுத்த கடலிலும் இது அவ்வப்போது தென்படுகிறது என்பது வேறு செய்தி.) விலங்கு நடத்தையியல் வகுப்பில் எழுந்த ஒரு வாதமே இக்கட்டுரைக்குக் காரணம். “அடைபட்ட விலங்கு ஒன்று ஒரு செயலைச் செய்கிறது. அது அவ்விலங்கின் இயல்பா, அல்லது அடைப்பின் இயல்பா?” என்று எங்கள் பேராசிரியர் ஐயா கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்த பின்னும் விடுதி வரையில் அவ்வாதம் தொடர்ந்தது. நூலகத்தில் அமர்ந்து இதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்த பின், என் பக்கத்து நியாயத்தை எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

தாய்வழிக் குடும்பம்

ஒர்க்காவின் வாழ்வைப் பற்றி உறுதியான செய்திகள் கிடைக்கத் தொடங்கியது 1970-களில்தான். கனடா நாட்டு அறிஞர் மைக்கேல் பிக் என்பவர் ஒவ்வொரு விலங்கையும் புகைப்படம் எடுத்து, முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னே சேணம் போல் படிந்துள்ள சாம்பல் நிறத் திட்டையும் கொண்டு தனித்தனியே அடையாளம் காணும் முறையை வகுத்தார். அதன்பின்பே இவற்றைக் குடும்பம் குடும்பமாக, தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர முடிந்தது.

அவ்வாறு தொடர்ந்தபோது தெரியவந்தவை வியப்புக்குரியவை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் மீன் தின்று வாழும் ஒர்க்காக் குடும்பங்களில் தாயே தலைவி. பெண் மட்டுமன்று, ஆணும் வளர்ந்து பெரிதான பின்பும் வாழ்நாள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லை. பிற கூட்டத்துப் பெண்ணோடு கூடுவது உண்டு. கூடியபின் தாயிடமே திரும்பிவிடும். ஒவ்வொரு கூட்டத்திற்கும் தனித்தனி ஒலி வழக்கு உண்டு; ஜான் ஃபோர்டு என்பவர் இவ்வொலிகளைப் பதிவு செய்து, கேட்ட அளவிலேயே இன்ன கூட்டம் என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார். நம் ஊரில் பேச்சைக் கேட்டவுடன் இவர் நெல்லைக்காரர், இவர் கோவைக்காரர் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. குட்டி இவ்வழக்கைத் தன் குடும்பத்தாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறது.

2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. முப்பது வயதைக் கடந்த ஆண் ஒர்க்காவின் தாய் இறந்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்குள் அந்த மகனும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு உயர்கிறதாம். முப்பது வயது மகன்! இன்னொரு செய்தி பலரும் அறிந்தது. 2018-ஆம் ஆண்டு சூலையில், ஆய்வாளரால் ஜே-35 என்று குறிக்கப்படும் தாய் ஒன்று, பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்த தன் குட்டியைத் தலையில் தாங்கியவாறு 17 நாட்கள் ஆயிரம் மைலுக்கும் மேல் நீந்தித் திரிந்தது. அதனைத் துயரம் என்று சொல்லலாமா கூடாதா என்று அறிஞர்கள் வாதிடட்டும். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பிடித்த கதை

மனிதன் இவ்விலங்கை முதலில் வெறுத்தான். சால்மன் மீனை இவை தின்றுவிடுகின்றன என்று செம்படவர் கண்ட இடத்தில் சுட்டனர். 1961-இல் கனடாவின் சீமோர் நெரோஸ் என்னும் கடலிடுக்கில் ஒர்க்காக்களைச் சுடுவதற்கென அரசே ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுவியது. நல்லகாலமாக அது ஒரு முறையும் சுடவில்லை.

அதே 1961-இல் கலிபோர்னியாவில் தனியாகக் கரையோரம் வந்துவிட்ட ஒன்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டனர். அது சுவரில் மோதி மோதி இரண்டு நாட்களுக்குள் இறந்தது. 1964-இல் நடந்தது இன்னும் விந்தை. வான்கூவர் நகரத்து மீன் காட்சியகத்தார், ஒர்க்காவின் உருவச்சிலை ஒன்று செய்ய விரும்பி, மாதிரிக்காக ஒன்றைக் கொன்று வரச் சிற்பி ஒருவரை அனுப்பினர். எறியீட்டி பட்டும் அது சாகவில்லை. கயிற்றில் கட்டி, நாயை இழுத்துவருவது போலத் துறைமுகத்திற்கு இழுத்து வந்தனர். மோபி டால் என்று பெயரிட்டனர். கிட்டத்தட்ட இரண்டு மாதம் அது உண்ணவேயில்லை. 87 நாட்களில் இறந்தது. அதுவரை பெண் என்றே எண்ணியிருந்தனர்; இறந்தபின் பார்த்தால் ஆண்! அத்தனை குறைவாகவே அன்று அறிந்திருந்தனர். ஆயினும் அந்த 87 நாட்களில் மக்கள் மனம் மாறத் தொடங்கியது. ‘கொலைகாரன்’ சாதுவாக இருந்ததை உலகம் கண்டது.

கண்டவுடன் வணிகரும் விழித்துக்கொண்டனர். 1965-இல் டெட் கிரிஃபின் என்பவர் செம்படவர் வலையில் சிக்கிய நாமு என்னும் ஆணை 8,000 டாலருக்கு வாங்கிச் சியாட்டில் நகரில் காட்சிக்கு வைத்தார். அது அதன்பின் ஏறத்தாழ ஓராண்டே வாழ்ந்தது. அடுத்து அவர் பிடித்த சிறு பெண்ணே ஷாமு. அது சான் டியாகோவில் இருந்த சீ வேர்ல்டு காட்சியகத்திற்குச் சென்றது. அந்த ஷாமு 1971-இலேயே இறந்துவிட்டது. ஆனால் பெயர் சாகவில்லை. பின்வந்த விலங்குகளும் மேடையில் ‘ஷாமு’ என்றே அழைக்கப்பட்டன. பார்ப்பவருக்கு ஷாமு என்றும் இளமையாக, என்றும் மகிழ்ச்சியாக இருந்தது!

இவற்றுள் மிகக் கொடியது 1970 ஆகஸ்டு 8-ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்துப் பென் கோவ் என்னும் விரிகுடாவில் நடந்தது. படகுகளும் வெடிகளும் கொண்டு எண்பதுக்கு மேற்பட்ட ஒர்க்காக்களை மடக்கினர். வேண்டியவை குட்டிகளே; அவையே வண்டியில் ஏற்ற வசதி. தாய்மார் வலைக்கு வெளியே நின்று கத்தின. வலையில் சிக்கிச் சில குட்டிகள் மூழ்கி இறந்தன. செய்தி வெளியே தெரியாதிருக்க, இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பிக் கடலில் ஆழ்த்தினர். அவ்வாண்டு நவம்பரில் அவை கரை ஒதுங்கின. உயிரோடு ஏழு எடுத்துச் செல்லப்பட்டன.

பின்னர் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கில் உள்ளன என்று எண்ணியிருந்த இவ்விலங்குகள் அக்கடலில் சில நூறே இருந்தன. தெற்குக் கூட்டத்தில் எழுபதைச் சிறிதே கடந்த எண்ணிக்கை. இளந்தலைமுறை முழுவதையும் பிடித்தாகிவிட்டது. அக்கூட்டம் இன்றளவும் மீளவில்லை. 2005-இல் அமெரிக்க அரசு அதனை அழிவின் விளிம்பிலுள்ளது என அறிவித்தது. 1976-இல் வாஷிங்டன் கடலில் பிடிப்பது நின்றபோது, பிடிப்போர் ஐஸ்லாந்துக்குப் போனார்கள்.

எண்பதடித் தொட்டி

பென் கோவில் பிடிபட்ட ஏழில் ஒன்றை மயாமி நகரக் காட்சியகம் வாங்கியது. லோலிடா என்று பெயர். டோக்கிடே என்றும் சொல்வர். அவள் வாழ்ந்த தொட்டியின் நீளம் 80 அடி, அகலம் 35 அடி, மிக ஆழமான இடத்தில் 20 அடி. அவளுடைய உடலின் நீளமும் ஏறத்தாழ 20 அடியே. கடலில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர்கூட நீந்தும், சில நூறு மீட்டர் ஆழம் மூழ்கும் உயிர், தன் உடலை நிமிர்த்தி நின்றால் வால் தரையில் தட்டும் இடத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்தது. அவளோடு ஹியூகோ என்ற ஆண் ஒன்று சில காலம் இருந்தது. அது அடிக்கடி தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும். 1980-இல் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தது. அதன்பின் 43 ஆண்டுகள் தன் இனத்து உயிர் ஒன்றையும் லோலிடா காணவில்லை. அவளைத் தாய்க்கடலுக்குக் கொண்டுபோகலாம் என்ற திட்டம் 2023 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 18-இல் அவள் இறந்தாள்.

“ஐம்பத்தேழு வயது வரை வாழ்ந்ததே! நன்றாகத்தானே கவனித்திருக்கிறார்கள்?” என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். சில விலங்குகள் தொட்டியிலும் நெடுநாள் வாழ்ந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெடுநாள் இருத்தல் வேறு, வாழ்தல் வேறு. கனடாவின் நயாகரா அருகே கிஸ்கா என்ற பெண் 1979 முதல் அடைபட்டிருந்தது. ஐந்து குட்டிகளை ஈன்றது, ஐந்தும் இறந்தன. 2011 முதல் தனியாகவே கிடந்து, 2023 மார்ச்சில் இறந்தது. தாய்வழிக் குடும்பத்தைப் பற்றி மேலே எழுதியதை நினைவிற்கொண்டு இவ்வாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

உடலிலும் அடையாளங்கள் உண்டு. தொட்டியில் வளர்ந்த ஆண் ஒர்க்காக்களின் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். கடலில் அவ்வாறு காண்பது மிக அரிது. துடுப்பினுள் எலும்பில்லை, நார்த்திசுவே உண்டு. நீரின் தாங்குதலின்றி மேற்பரப்பிலேயே பெரும்பொழுது கிடப்பதும், ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பற்கள் இன்னும் பரிதாபம். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடைபட்ட 29 ஒர்க்காக்களின் பற்களைப் பார்த்தனர். பழுதில்லாத வாய் ஒன்றுகூட இல்லை. வேலையற்ற விலங்கு சிமெண்டுச் சுவரையும் இரும்புக் கதவையும் கடிக்கிறது. உடைந்த பல்லைத் துளையிட்டு நாள்தோறும் கழுவ வேண்டியிருக்கிறது.

திலிக்கம்

இனி ஆபத்தைப் பற்றிக் கூற வேண்டும். கடலில் ஒர்க்கா ஒரு மனிதனைக் கொன்றதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரத்தில் ஒரு கூட்டம் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைத்து வருகிறது; சில படகுகள் மூழ்கியும் போயின. அங்கும் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. தொட்டியிலோ நால்வர் இறந்துள்ளனர். அவருள் மூவரின் சாவில் தொடர்புடையது ஒரே விலங்கு.

திலிக்கம் 1983-இல் ஐஸ்லாந்தருகே பிடிபட்டபோது அதற்கு வயது இரண்டுதான். கனடாவின் விக்டோரியா நகரருகே இருந்த ஒரு சிறு காட்சியகத்தில் அதனை இரு பெண் ஒர்க்காக்களோடு வைத்தனர். அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இரவில் மூன்றையும் மிகக் குறுகிய இருட்டறை ஒன்றில் அடைப்பர். பெண்கள் இரண்டும் திலிக்கத்தைப் பல்லால் கீறும். தப்பி ஓட இடமில்லை. 1991 பிப்ரவரி 20-இல், பயிற்சியாளராகப் பணியாற்றிய இருபது வயது மாணவி ஒருவர் கால் இடறித் தொட்டியில் விழுந்தார். மூன்றும் அவரை விடவில்லை. காட்சியகம் மூடப்பட்டது. திலிக்கமோ அடுத்த ஆண்டு புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவுக்கு, சீ வேர்ல்டு காட்சியகத்திற்கு விற்கப்பட்டது. 1999-இல் இரவில் உள்ளே நுழைந்துவிட்ட ஒருவர் காலையில் அதன் முதுகின்மேல் பிணமாகக் கிடந்தார்.

2010 பிப்ரவரி 24-ஆம் நாள் நடந்ததை உலகமே அறியும். டான் பிரான்ஷோ என்ற பெண்மணி நாற்பது வயதினர். பதினாறு ஆண்டு அனுபவம் மிக்கவர். அக்காட்சியகத்தின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவர். காட்சி முடிந்து ஆழமற்ற விளிம்பில் படுத்தவாறு திலிக்கத்தோடு கொஞ்சிக்கொண்டிருந்தார். அது அவரை நீருக்குள் இழுத்துக் கொன்றது. பின்னலைப் பற்றி இழுத்தது என்றும், கையைப் பற்றியது என்றும் இருவகையாகக் கூறினர். “அப்படியானால் குடுமியைக் குறைத்திருக்கலாம்” என்று வகுப்பில் ஒருவர் சொன்னார், சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவருடைய உயிர் அவருடைய பின்னலின் நீளத்தைப் பொறுத்து நிற்குமாயின், பழுது பின்னலில் இல்லை. இதற்கு இரண்டு திங்களுக்கு முன்புதான், 2009 டிசம்பர் 24-இல், ஸ்பெயின் நாட்டுத் தெனெரீஃப் தீவில் வேறோர் ஒர்க்கா இருபத்தொன்பது வயதுப் பயிற்சியாளர் ஒருவரைக் கொன்றிருந்தது.

திலிக்கம் அடுத்த ஆண்டே மீண்டும் காட்சியில் இறக்கப்பட்டது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இருபதுக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு அது தந்தை. இறந்த மூவரின் கணக்கு ஒரு பக்கம். வருமானக் கணக்கு மறுபக்கம்.

விரும்பிப் போனவர், பிடித்து வரப்பட்டது

அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் காட்சியகத்தின்மேல் குற்றம் சாட்டியது. வழக்கு மேல்முறையீடு வரை போயிற்று. 2014 ஏப்ரலில் நீதிபதிகள் மூவருள் இருவர், பயிற்சியாளர் நீரில் இறங்கி இவ்விலங்கோடு பழகுவது அறிந்தே ஏற்படுத்தும் ஆபத்து என்று தீர்ப்பளித்தனர். மாறுபட்டவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பிரெட் கவனா. அமெரிக்கக் கால்பந்திலும் மோட்டார்ப் பந்தயத்திலும் ஆபத்து இல்லையா? அறிந்து, விரும்பி இறங்குபவரை அரசு தடுக்கலாமா? இவ்வாறு அவர் வாதம் சென்றது.

என் நண்பனும் இதே வாதத்தைத்தான் வைத்தான். “அந்த அம்மா விரும்பித்தானே போனாங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்றான். உண்மைதான். பந்தயக் காரை ஓட்டுபவர் விரும்பி ஓட்டுகிறார். காரும் ஒரு பொருள். இங்கோ இரண்டு உயிர்கள். ஒன்று விரும்பி வந்தது. மற்றொன்று இரண்டு வயதில் தாயிடமிருந்து பறித்து வரப்பட்டது. ஒருவரின் சம்மதத்தைக் காட்டி இருவருக்கும் நியாயம் பேசலாகாது. அன்றியும், பயிற்சியாளர் அவ்விலங்கை உண்மையாகவே நேசித்தார். அந்த அன்பைச் சிலர் பழிப்பதை நான் ஏற்கமாட்டேன். நம் கோயில் யானைப் பாகனும் யானையை நேசிக்கத்தான் செய்கிறான். அன்பு இருந்தும் ஆபத்து போகவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பேராசிரியர் ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுவே: கொல்லும் ஆற்றல் விலங்கின் இயல்பு, அதனை மனிதன்மேல் திருப்பியது அடைப்பு.

காட்சியகத்தார் பக்கத்து நியாயம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோபி டாலும் நாமுவும் ஷாமுவும் மக்கள் முன் வராதிருந்தால், ஒர்க்காவின்மேல் யாருக்கும் பரிவு பிறந்திராது. சீமோர் நெரோஸின் துப்பாக்கி ஒருநாள் சுட்டிருக்கும். கருவுறும் காலம், மூச்சு, கேள்வித்திறன் போன்ற பலவற்றைத் தொட்டியில்தான் அளந்தறிந்தனர். ஆனால் அக்கடன் தீர்ந்துவிட்டது. இன்று நாம் ஒர்க்காவைப் பற்றி அறிந்தவற்றுள் மேலானவையெல்லாம் பிக் போன்றோர் படகில் அமர்ந்து கண்டவை. இசைக்கு ஏற்பக் குதித்து மீனுக்கு வாய் திறக்கும் விலங்கைக் கண்டு குழந்தை எதைக் கற்கும்?

‘பிளாக்ஃபிஷ்’ என்ற செய்திப்படம் 2013-இல் திலிக்கத்தின் கதையைச் சொன்னபின் எதிர்ப்பு வலுத்தது. 2016 மார்ச்சில் சீ வேர்ல்டு இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. திலிக்கம் 2017 சனவரி 6-இல் நுரையீரல் நோயால் இறந்தது. கனடா 2019-இல் சட்டமியற்றித் தடுத்தது. நம் நாடு இதில் முந்திக்கொண்டது என்பது பெருமைக்குரியது: 2013 மே திங்களில் இந்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதியில்லை என அறிவித்தது, இவற்றை மனிதரல்லாத ‘ஆட்கள்’ எனக் கருதவேண்டும் என்ற கருத்தும் அச்சுற்றறிக்கையில் இடம்பெற்றது. அதற்கு முன் 1990-களின் இறுதியில் சென்னையை அடுத்த பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்கு அயல்நாட்டிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டுச் சில திங்களிலேயே மாண்டன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆனால் எங்கும் இதே நிலையென்று சொல்வதற்கில்லை. சப்பானின் கோபே நகரில் 2024-இல்தான் ஒர்க்காக் காட்சியோடு புதிய காட்சியகம் திறந்தனர்.

திறந்துவிட்டால் போதுமா?

“சரி, எல்லாவற்றையும் கடலில் விட்டுவிடலாமே!” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கெய்க்கோவின் கதை அதற்குத் தடை நிற்கிறது. 1979-இல் பிடிபட்டு, மெக்சிகோவில் வெப்பமான சிறு தொட்டியில் கிடந்த இந்த ஆண், 1993-இல் ‘ஃப்ரீ வில்லி’ என்ற திரைப்படத்தில் நடித்தது. படத்தில் விடுதலை பெற்ற விலங்கு உண்மையில் தொட்டியில் வாடுவதை அறிந்த குழந்தைகள் காசு சேர்த்தனர். பெரும்பொருள் செலவில் 1998-இல் அதனை ஐஸ்லாந்துக்குக் கொண்டுசென்று பழக்கினர். 2002-இல் அது தானாகவே நார்வே வரை நீந்திச் சென்றது. சென்று எங்கே நின்றது? மனிதர் இருக்கும் கரையில்! குழந்தைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினர். எந்த ஒர்க்காக் குடும்பமும் அதனை ஏற்றதாகத் தெரியவில்லை. 2003 டிசம்பரில் இறந்தது. இருப்பினும் தொட்டியில் கிடந்து செத்திருப்பதைவிட இது மேல் என்றே நான் கருதுகிறேன், மாறுபடுவோர் பலர்.

தொட்டியில் பிறந்தவை மீன் பிடிக்க அறியா, குடும்பமும் இல்லை. பிரான்சின் அந்தீப் நகரக் காட்சியகம் 2025 சனவரியில் மூடப்பட்டபோது, அங்கிருந்த தாயையும் மகனையும் எங்கே அனுப்புவது என்று நாடே தடுமாறியது. கடலின் ஒரு வளைவை வலையிட்டு அடைத்து, அங்கே இவற்றைக் கடைசிவரை காப்பதுதான் ஓரளவு நேர்மையான வழி. அதற்குப் பெருஞ்செலவு ஆகும். இத்தனை ஆண்டு இவற்றால் ஈட்டியவர்கள் அதனைத் தரட்டுமே!

குடும்பம் இருக்குமிடம் தெரிந்தால் கதை வேறாகிறது. 2002 சனவரியில் சியாட்டில் அருகே தாயை இழந்த இரண்டு வயதுப் பெண் குட்டி ஒன்று தனியே திரிந்தது. அதன் ஒலி வழக்கைக் கொண்டே அது வடக்கேயுள்ள இன்ன கூட்டத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தனர். காட்சியகம் எதற்கும் அதனைக் கொடுக்கவில்லை. நோய் நீக்கி, சூலையில் விரைவுப் படகில் வடக்கே ஏற்றிச்சென்று, உறவினர் வரும் வழியில் வலைக்குள் வைத்துக் காத்திருந்தனர். கூட்டம் வந்தது, குட்டி குரல் கொடுத்தது, வலையைத் திறந்துவிட்டனர். ஸ்பிரிங்கர் என்று பெயர் பெற்ற அக்குட்டி 2013-இல் தன் சொந்தக் குட்டியோடு காணப்பட்டது. அதனை அழைத்துச்சென்ற குழுவில் வான்கூவர் காட்சியகத்தாரும் இருந்தனர் – 1964-இல் ஈட்டியோடு ஆளனுப்பிய அதே காட்சியகம்.